அலுமாரிக்குள் இருந்த மணிக்கூடு

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் பிற்பகல், பிரார்த்தனை மண்டபத்தில் பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து நிகழ்த்திய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் தரப்படுகிறது.)



இந்த மேடையில் நாங்கள் மூவரும் கடைசியாக ஒன்றாக நின்றது 1974ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழா நாடகத்தில். எங்களில் ஒருவர் அரசியாகவும் ஒருவர் தோழியாகவும் ஒருவர் மரமாகவும் நின்றோம். மரமாக நின்றவர்தான் இன்றைக்கும் கூடுதலாகப் பேசப்போகிறார். ஒருவர் யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் ரொறன்ரோவில் இயன்மருத்துவர். மற்றவர் மெல்பேணில் இலத்திரனியற் பொறியியலாளராக இருந்தவர். நாங்கள் என்று சொல்லுவது மூவரையும் சேர்த்துத்தான். எங்களுக்குள் ஒத்துவராத இடம் வந்தால் அதையும் மறைக்கமாட்டோம்.

விழாக்குழு எங்களிடம் கேட்டது 'பெண்களும் நவீன தொழில்நுட்பமும்' என்ற தலைப்பில் ஒரு பேச்சு. மூன்று மாதமாக மூன்று நாடுகளிலிருந்தும் தொலைபேசியில் கதைத்துக் குறிப்பெடுத்தோம். போன மார்கழியில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி விழுந்தாள். அதற்குப் பிறகு அந்தக் குறிப்புகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டோம். அவளின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. கதையைச் சொல்லலாம் என்று அனுமதி தந்தாள். "சொல்லுங்கோ, ஆனால் என்னைப் பாவம் என்று ஒருத்தரும் பார்க்கக்கூடாது" என்றாள்.

அவள் தனியாக இருக்கிறாள். கணவர் காலமாகி ஆறு வருடம். மகன் ரொறன்ரோவில். மழை பெய்து விட்ட ஒரு விடியற்காலை, ஐந்தரை மணியளவில், குசினிப் பின்கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். நாற்பது வருடமாக நடக்கிற வழி. இரண்டாவது படியில் குதிக்கால் வழுக்கி, இடது பக்கமாக விழுந்தாள். எழும்ப முடியவில்லை. கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் வானொலி போய்க்கொண்டிருந்தது, அவளுக்குக் கேட்டது. அவளுடைய குரல் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஈரச் சீமெந்தில் அப்படியே கிடந்தாள். பால் கொண்டுவருகிற பெடியன் ஒன்பது மணிக்கு வந்து, படலை திறக்கவில்லையே என்று மதிலால் எட்டிப் பார்த்தபோதுதான் ஊர் அறிந்தது. இடுப்பு எலும்பு முறிவு. சத்திரசிகிச்சை நடந்தது. இப்பொழுது ஊன்றுகோலுடன் நடக்கிறாள். முன்வரிசையில் இருக்கவேண்டாம், பின்னுக்கு இருக்கிறேன் என்று சொல்லி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்.

விழுந்தால் தானாகவே அறிந்து, தானாகவே ஆட்களை அழைக்கிற கைமணிக்கூடு ஒன்றை மகன் இரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கி அனுப்பியிருந்தான். அது அந்தக் காலையில் அலுமாரிக்குள், கூறைச் சேலைக்குப் பக்கத்தில், பெட்டியோடு இருந்தது.

இதைக் கேட்டதும் எங்கள் பொறியியலாளருக்குக் கோபம் வந்தது. தாதிக்கு வரவில்லை. அந்த இரண்டுக்கும் இடையில்தான் இந்தப் பேச்சு இருக்கிறது.

முதலில் வழுக்கலைப் பற்றிக் கொஞ்சம். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் பலகையைச் சரித்துச் சரித்து, அதன்மேல் வைத்த கட்டை எந்தக் கோணத்தில் வழுக்கத் தொடங்குகிறது என்று அளந்தோமே, நினைவிருக்கிறதா? உராய்வுக் குணகம். அன்றைக்கு அது புள்ளி எடுக்கிற விடயம். நாங்கள் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தக் கணக்குத்தான் நடக்கிறது. முன்னுக்கு வைக்கிற காலின் குதி நிலத்தைத் தொடுகிற கணத்தில், உடற்பாரம் அந்தக் காலுக்கு மாறத் தொடங்குகிறது. குதி முன்பக்கமாகத் தள்ளுகிறது. நிலம் அதைப் பிடித்து நிறுத்தவேண்டும். பாசி, சவர்க்காரத் தண்ணீர், எண்ணெய், ரொறன்ரோ நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி, இவை எதுவும் இடையில் வந்தால் நிலம் பிடிக்காது. கால் முன்னுக்குப் போகும், உடம்பு பின்னுக்கு விழும்.

தடக்கி விழுவது வேறு. கல்லிலோ கால்துடைப்பானின் மடிப்பிலோ கால் தடக்கினால், கால் நின்றுவிடும், உடம்பு முன்னுக்குப் போகும். அப்போது கையை ஊன்றுவோம், மணிக்கட்டு முறியலாம். வழுக்கினால் பின்னுக்கோ பக்கமாகவோ விழுவோம், இடுப்புக்குச் சேதம். எலும்பு தேய்ந்த வயதில் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரியது. மணிக்கட்டு மாவுக்கட்டோடு வீட்டுக்கு வரும். இடுப்பு எலும்பு அப்படி வராது.

இதற்கு எடுக்கிற நேரமோ மிகக் குறைவு. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ ஏறத்தாழ 0.45 செக்கன். எங்களுடைய உடம்பு அதற்குள் வழுக்கலை உணர்ந்து, மற்றக் காலைப் பின்னுக்கு வைத்து, இடுப்பை நிமிர்த்தவேண்டும். இருபது வயதில் இதைச் செய்ததே தெரியாமல் செய்தோம். வலைப்பந்தாட்டத் திடலில் எத்தனை தரம் வழுக்கி, விழாமல் தப்பி, சிரித்திருப்போம். எழுபதில் அந்த மீட்டெடுப்புத்தான் மந்தமாகிறது. வழுக்குவது எல்லா வயதிலும் ஒன்றுதான். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று ஆறுதல் சொல்லுகிறோம். அந்த யானை எப்படி எழும்பியது என்று எவரும் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டொன்றுக்கு 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வருமானம் குறைந்த, நடுத்தரமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். அதற்குப் பிறகு பிள்ளைகள் இன்னும் போயிருக்கிறார்கள், நாங்கள் இன்னும் வயதாகியிருக்கிறோம்.

இனி அந்த மணிக்கூட்டுக்கு வருவோம். அதற்குள் நகத்தளவுகூட இல்லாத ஒரு சில்லு இருக்கிறது. சில்லுக்குள், மயிரிலும் மெல்லிய சுருள்களில் தொங்குகிற சிலிக்கன் துண்டு ஒன்று. கை அசையும்போது அந்தத் துண்டும் அசையும். அசைவுக்கேற்ப அதன் மின் கொள்ளளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் ஆர்முடுகல் தெரியும். உங்கள் கைத்தொலைபேசியைச் சரித்தால் படமும் சரிந்து திரும்புகிறதே, அதே சில்லுத்தான். காரில் காற்றுப்பையை விரிய வைப்பதும் இதன் உறவுக்காரன்தான். இதனோடு சுழற்சியை அளக்கிற இன்னொரு சில்லும் இருக்கிறது.

நிம்மதியாக இருக்கும்போது இந்த மானி புவியீர்ப்பின் ஒரு பங்கைக் காட்டும். விழுகிற கணத்தில் அது பூச்சியத்தை நோக்கி இறங்கும், ஏனென்றால் நீங்களும் அந்தத் துண்டும் ஒன்றாக விழுகிறீர்கள். நிலத்தில் மோதியதும் ஒரு பெரிய துள்ளல். அதன்பின் அசைவில்லை. இறக்கம், துள்ளல், அமைதி: இந்த மூன்றும் இந்த ஒழுங்கில் வந்தால் மணிக்கூடு 'இவர் விழுந்துவிட்டார்' என்று முடிவு செய்கிறது. 2018ஆம் ஆண்டு வந்த அப்பிள் மணிக்கூட்டின் நான்காவது வரிசையில் இந்த வசதி சேர்ந்தது. இப்பொழுது சாம்சுங், கூகிள் மணிக்கூடுகளிலும் உண்டு. அப்பிள் மணிக்கூடு விழுந்ததை அறிந்தால் முதலில் கையில் தட்டி, ஒலி எழுப்பி, நலமா என்று கேட்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவே இல்லாவிட்டால் தானாகவே அவசர சேவையை அழைத்து, நீங்கள் கொடுத்து வைத்த ஆட்களுக்கும் செய்தி அனுப்பும். வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் இந்த வசதி தானாகவே திறந்திருக்கும். வயதைக் குறைத்துப் பதிந்த அக்காமார் வீட்டுக்குப் போய் அதைத் திருத்திக்கொள்ளவும்.

எங்கள் பொறியியலாளர் ஒரு மாதம் இதைக் கையில் கட்டிக்கொண்டு வீட்டு வேலை செய்து பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று இருந்தபோது ஒரு தரம் கேட்டது. மெத்தையில் வேண்டுமென்று விழுந்தபோது கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்து நிலத்தில் இருந்தபோதும் கேட்கவில்லை. இந்தக் கடைசி விடயத்தைக் கவனியுங்கள். வயதானவர்கள் பலர் சினிமாவில் போல் தடாலென்று விழுவதில்லை. தலைசுற்றி, கதவைப் பிடித்து, வழுகி இருந்துவிடுவார்கள். துள்ளல் இல்லாத விழுகையை மணிக்கூடு தவறவிடலாம். அதிகம் கூர்மையாக்கினால் உடுப்புத் தோய்க்கிற கல்லில் ஒவ்வொரு அடிக்கும் அம்புலன்ஸை அழைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் கோடு போடுகிறார்கள். ஆகவே மணிக்கூடு பேசாமல் இருந்தால் அம்மா விழவில்லை என்று எண்ணக்கூடாது.

இன்னொன்று. கைத்தொலைபேசி இணைப்பு மணிக்கூட்டிலேயே இல்லாத வகை என்றால், அது உங்கள் கைத்தொலைபேசியின் மூலமாகத்தான் அழைப்பு எடுக்கும். தொலைபேசி விறாந்தையில், ஆள் கிணற்றடியில், நடுவில் இரண்டு கற்சுவர் என்றால் அந்த இணைப்பு அறுந்துபோகலாம். வெளிநாட்டில் வாங்கி அனுப்புகிற பிள்ளைகள் பெட்டியைப் பிரித்துக் கட்டிவிட்டுப் போகக்கூடாது. கிணற்றடியில், குளியலறையில், கொல்லைப்புறத்தில் நின்று அழைப்புப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறவேண்டும். குளியலறைக்குள் கட்டக்கூடிய, தண்ணீர் தாங்குகிற வகைதானா என்றும் பார்க்கவேண்டும். வழுக்குவதற்குப் பேர்போன இடத்துக்குப் போகும்போதுதான் எல்லோரும் அதைக் கழற்றி வைக்கிறார்கள்.

எங்கள் தோழியிடம் நாங்கள் கேட்டோம்: ஏனடி கட்டவில்லை? முதலில் சொன்ன காரணங்கள் எல்லோரும் சொல்லுகிறவைதான். சார்ஜ் போடவேண்டும். எழுத்துச் சின்னன். கைக்குப் பாரம். கலியாண வீட்டுக்குக் கட்டினால் வளையலோடு பொருந்தாது. அவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நாலாம் நாள் இரவு, தாதிக்கு மட்டும் சொன்னாள்: "நான் அதுக்கு முந்தியும் மூன்று தரம் வழுக்கி விழுந்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஏன்? "சொன்னால் என்னைக் கனடாவுக்கு எடுப்பான். இல்லாட்டி முதியோர் இல்லத்தில விடுவான். அந்த மணிக்கூட்டைக் கட்டினால் நான் சொல்லாட்டியும் அது சொல்லிப் போடும்."

அவள் மணிக்கூட்டைக் கட்டாமல் விட்டது அது வேலை செய்யாது என்று நினைத்தல்ல. அது சரியாக வேலை செய்யும் என்று தெரிந்துதான். பொறியியலாளரின் கோபம் அந்த இடத்தில் ஆறியது.

இது எங்கள் ஊர் வழக்கம் மட்டும் என்று எண்ணவேண்டாம். கழுத்தில் தொங்கவிட்டு, விழுந்தால் அழுத்துகிற பொத்தான்கள் 1970களிலிருந்தே மேலைநாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து செய்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. அவர்களில் 60 சதவீதமானோர் அந்த ஆண்டில் விழுந்தார்கள். விழுந்தவர்களில் பத்துப்பேரில் மூன்றுபேர் ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ நிலத்தில் கிடந்தார்கள். அழைப்புப் பொத்தான் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தும், நெடுநேரம் கிடந்தவர்களில் பலர் அதைப் பயன்படுத்தவேயில்லை. கரைச்சல் கொடுக்க விருப்பமில்லை, நானே எழும்பிவிடுவேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மொழிதான் வேறு, சொன்ன காரணம் ஒன்று.

நெடுநேரம் கிடப்பதன் ஆபத்தை எங்கள் தாதி சொல்லச் சொன்னார். முறிவைவிட அதுவே சிலருக்கு மோசமாகும். ஒரே பக்கம் பாரம் அழுத்திய தசை நைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். உடம்பில் நீர் வற்றும். குளிரில் உடற்சூடு இறங்கும். தோல் அழுந்திப் புண்ணாகும். பிறகு படுக்கையில் நியூமோனியா வரும். ஆகவே மணிக்கூடு மிச்சம் பிடித்துத் தருகிற நேரம் சின்ன விடயமல்ல. மூன்றரை மணித்தியாலத்துக்குப் பதிலாக இருபது நிமிடம் என்றால் அது ஒருவரின் சிறுநீரகமாக இருக்கலாம்.

ஆனால் விழுந்ததை அறிவிப்பது விழாமல் தடுப்பதாகாது. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கின்றன. உண்மையில் உடம்பில் அணிந்து விழுகையின் சேதத்தைக் குறைக்கிறவை வேறு வகை. இடுப்பில் கட்டுகிற காற்றுப்பைப் பட்டி ஒன்று இருக்கிறது. விழத் தொடங்கியதை உணர்ந்து, நிலத்தில் படுமுன் இடுப்பின் இரு பக்கமும் காற்றுப்பை விரியும். மோட்டார்சைக்கிள் உலகப் போட்டியில் ஓடுகிறவர்களுக்கு இப்படியான காற்றுப்பை உடுப்பு 2018 முதல் கட்டாயம். அவர்களுக்கு ஏற்றது அம்மம்மாவுக்கும் வருகிறது. விலைதான் இன்னும் எங்களுக்கு எட்டாத உயரம். மின்சாரமில்லாத, இடுப்பில் மெத்தை வைத்துத் தைத்த உள்ளாடைகளும் உண்டு. முதியோர் இல்லங்களில் அவை இடுப்பு முறிவைச் சற்றுக் குறைக்கின்றன என்றும், வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன் காணவில்லை என்றும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். முக்கிய காரணம், வீட்டில் ஆட்கள் அதைப் போடுவதில்லை. மறுபடியும் அலுமாரி.

பாதணியின் உள்ளே அமுக்கத்தை அளக்கிற உணரிகள் வைத்து, ஒவ்வோர் அடியும் எப்படி விழுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. நல்லது. ஆனால் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிற எங்களுக்கு அந்தப் பாதணியை யார் போடுவது? ஐபோனில் 2021 முதல் நடையின் உறுதியைக் கணிக்கிற ஒரு வசதி இருக்கிறது. நடையின் வேகம், அடியின் நீளம், இரண்டு காலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பவற்றை வைத்து, விழுகிற அபாயம் கூடுகிறது என்று முன்கூட்டியே சொல்லும். மூவருக்கும் பிடித்த வசதி இதுதான், ஏனென்றால் இது விழுமுன் பேசுகிறது. ஒரேயொரு குறை: தொலைபேசி இடுப்புக்குக் கிட்ட, சட்டைப்பையில் இருக்கவேண்டும். சாறிக்கு ஏது பை? கைப்பைக்குள் கிடக்கிற தொலைபேசி கைப்பையின் நடையைத்தான் அளக்கும். வீட்டில் போடுகிற ஹவுஸ்கோட்டுக்கு ஒரு பை வைத்துத் தைப்பியுங்கள் என்று தையல்காரியிடம் சொல்லுங்கள்.

எங்கள் இயன்மருத்துவர் எப்போதும் சொல்லுவது இன்னொரு ஆய்வைப் பற்றி. சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில், மேலே கட்டிய பாதுகாப்புப் பட்டியில் முதியவர்களைக் கொழுவிவிட்டு, அவர்கள் நடக்கும்போது நிலத்தைச் சொல்லாமல் வழுக்க விட்டார்கள். ஒரே நாளில் 24 தரம். முதலில் பலர் பட்டியில் தொங்கினார்கள். பிறகு உடம்பு கற்றுக்கொண்டது. அதன்பின் வந்த ஓராண்டில், அந்தப் பயிற்சி பெற்றவர்களின் விழுகிற அபாயம் பாதியாகக் குறைந்தது. 2014இல் வெளிவந்த முடிவு. ஒருநாள் பாடம் ஒரு வருடம் நிற்கிறது. இதை வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். பட்டி இல்லாமல் வழுக்கினால் அது பயிற்சியல்ல.

வீட்டில் செய்யக்கூடியது கால் வலுவுக்கும் சமநிலைக்குமான உடற்பயிற்சி. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான தொகுப்பு, உடற்பயிற்சி விழுகைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ 23 சதவீதம் குறைக்கிறது என்று காட்டியது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவாக்கிய பயிற்சி முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதற்கு மின்கலமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும்பி இருப்பது, ஒரு காலடிக்கு முன் மற்றக் காலடியை வைத்து நேர்கோட்டில் நடப்பது. காலை ஒன்றுகூடலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் உடற்பயிற்சி ரீச்சர் செய்வித்ததில் பாதி இதுதான்.

இங்கே எங்களுக்குள் சண்டை வந்தது. தாதி சொன்னார், மணிக்கூட்டுக்குச் செலவழிக்கிற காசில் குளியலறைக்குக் கைபிடி போட்டு, கிணற்றடிப் பாசியை உரஞ்சிக் கழுவி, படிக்கு ஒரு மின்விளக்குப் போட்டு, கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்து, மிச்சக் காசுக்குப் பிடிப்புள்ள செருப்பு வாங்கலாம் என்று. நித்திரைக் குளிசை, பிறசர் குளிசை எடுக்கிறவர்கள் எழும்பும்போது தலைசுற்றுகிறதா என்று வைத்தியரிடம் சொன்னாலே எத்தனையோ விழுகை குறையும் என்றார். பொறியியலாளர் கேட்டார்: இவ்வளவும் செய்த பிறகும் விழுந்தால்? இரண்டு பேரும் சரி. அவர்களை விட்டுவிட்டு இயன்மருத்துவர் நித்திரைக்குப் போனார், அங்கே அப்போது இரவு ஒரு மணி.

எங்கள் தோழியின் வீட்டில் இறுதியில் நடந்ததைச் சொல்லுகிறோம். மகன் வந்து நின்ற ஒரு மாதத்தில் தாயும் மகனும் முதல் இரண்டு கிழமை இதைப் பற்றிப் பேசவேயில்லை. பிறகு, நாங்கள் தாதியின் வீட்டு முற்றத்தில் இருவரையும் இருத்திக் கதைக்க வைத்தோம். ஒரு மணிக்கூட்டைப் பற்றிய கதை அல்ல அது. அவன் கேட்டது: "அம்மா, நான் என்ன செய்யவேணும்?" அவள் சொன்னது: "என்னைக் கேளாமல் ஒண்டும் முடிவெடுக்காதை." அவன் அழுதான். அவனை நாங்கள் தவழ்கிற காலத்திலிருந்து அறிவோம்.

அதன்பின் மூன்று விடயம் தீர்மானமாயிற்று. முதலாவது, மணிக்கூட்டின் செய்தி முதலில் மகனுக்குப் போகாது. இங்கே விடிய ஐந்தரை என்றால் குளிர்காலத்தில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஏழு மணி. அவன் கிடந்து பதறுவதைத் தவிர என்ன செய்யலாம்? செய்தி முதலில் பக்கத்து வீட்டுக்கும் எங்கள் தாதிக்கும். பக்கத்து வீட்டில் படலைத் திறப்பு ஒன்று இருக்கிறது. திறப்பில்லாமல் என்ன மணிக்கூடு இருந்தும் ஆட்கள் மதிலுக்கு வெளியேதான் நிற்பார்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கம் இரண்டு வீட்டுச் சுவரிலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது, வழுக்கினால், விழாவிட்டாலும், அவள் சொல்லுவாள். சொன்னதற்காக அவளை இடம்மாற்றும் பேச்சு எழாது. மூன்றாவது, அவள் எங்கே போகிறாள் வருகிறாள் என்று இடத்தைக் காட்டுகிற வசதியை அணைத்துவிடுவது. அவசரத்தில் மட்டும் அது இடத்தை அனுப்பும். "கோயிலுக்குப் போறதை அவன் அங்கையிருந்து பார்க்கத் தேவையில்லை" என்றாள்.

அன்று தொடக்கம் அவள் மணிக்கூட்டைக் கட்டுகிறாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தொலைக்காட்சி பார்க்கிற ஒரு மணித்தியாலம் மின்னேற்றுகிறாள். படுக்கவும் குளிக்கவும் அது கையில் இருக்கிறது. மாசி மாதத்தில் ஒருதரம் குளியலறையில் சறுக்கி, புதிதாகப் போட்ட கைபிடியைப் பிடித்து நின்றாள். மணிக்கூடு ஒன்றும் சொல்லவில்லை. அவளே தொலைபேசி எடுத்துச் சொன்னாள். கால்துடைப்பானை மாற்றினோம்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கிற தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறோம். திரும்பிப் போகுமுன் உங்கள் அம்மாமாருக்கு மணிக்கூடு வாங்கிக் கொடுப்பீர்கள். கொடுக்குமுன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "கடைசியாக எப்ப வழுக்கினீங்கள், அம்மா?" 'இல்லை' என்று கெதியாகப் பதில் வந்தால் கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேளுங்கள். இங்கேயே இருக்கிற அக்காமாரும் எங்களுக்குப் பதில் சொல்லலாம். எங்கள் மூவரில் இருவர் கடந்த ஆண்டு வழுக்கியிருக்கிறோம். ஒருவர் பனியில், ஒருவர் குசினியில் சிந்திய தேங்காய் எண்ணெயில். இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. இப்பொழுது மலரில் வரப்போகிறது, எல்லோரும் அறிவார்கள்.

பேச்சு இத்தோடு சரி. தேநீர் முடிந்ததும், மண்டபத்தின் வடக்குப் பக்க மேசையில் நான்கு வகை மணிக்கூடுகளும் ஒரு பழைய கழுத்துப் பொத்தானும் வைத்திருக்கிறோம். கட்டிப் பார்க்கலாம், பொத்தானை அழுத்தலாம், அது எங்கள் பொறியியலாளரின் தொலைபேசிக்குத்தான் அடிக்கும். அதற்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கிறோம். விழுந்தபின் எழும்பும் முறையை இயன்மருத்துவர் காட்டுவார்: முதலில் அசையாமல் கிடந்து, எங்கே நோகிறது என்று பார்ப்பது; இடுப்பு நொந்து, காலை அசைக்க முடியாவிட்டால் எழும்ப முயலாமல் உதவி கேட்பது; நோவில்லையென்றால் பக்கமாகத் திரும்பி, முழங்காலில் வந்து, உறுதியான நாற்காலி ஒன்றைப் பிடித்து, வலுவான காலை முன்னுக்கு வைத்து எழும்புவது. சாறியோடு எப்படி என்று கேட்காதீர்கள். அவரும் சாறியோடுதான் செய்து காட்டப்போகிறார்.